பக்கவாட்டில் குதி

ஓசூரில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனருக்குச் சொந்த ஊர் ஜவளகிரி. எழுபதைத் தாண்டியவர். நான் மண்டபத்துக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷன் என்னை விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து பைக்கை நிறுத்துவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏம்பா, சண்டை டைம்ல உங்க ஊருல பட்டாளத்துக்குக் கடல்ல ட்ரெய்னிங் குடுத்தாங்களா, இல்லியா?"

பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி என்னத்தைச் சொல்வது? எரிச்சல்தான் வரும். அவரோ விடுகிற ஆளில்லை. விஷயம் அவருடைய அப்பாவைப் பற்றியது.

அப்பா அந்தப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்தவர். மண்டபத்துக் கரையில் முகாம். முன்பக்கம் கதவு வைத்த படகு மணலில் வந்து முட்டும், கதவு விழும், துப்பாக்கியோடு கதவின் ஓரமாகத் தண்ணீரில் குதித்துக் கரைக்கு ஓட வேண்டும். எதிரியின் கரையில் இறங்குவதற்கான ஒத்திகை. ஒத்திகையிலேயே போர் முடிந்துவிட்டது. ஊருக்கு வந்து இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? "ஏரியில நீஞ்சத் தெரியாதவன் கடல்ல குதிச்சானாம்!" என்று சிரித்திருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு ஒகேனக்கல் கூத்து. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு பரிசலில் போனவர், கரை வந்ததும், "முன்னால எறங்காதீங்க, பக்கவாட்டுல குதிங்க!" என்று அதட்டிவிட்டுத் தானே முதலில் குதித்துக் காட்டினார். வட்டப் பரிசலுக்கு முன்பக்கம் ஏது, பக்கவாட்டு ஏது? கவிழ்ந்து அத்தனை பேரும் தண்ணீரில். ஓனருக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. ஊரோடு சேர்ந்து இவரும் சிரித்தாராம்.

"அன்னிலேருந்து அவரு பட்டாளப் பேச்சையே எடுக்கல. நெசமா பொய்யான்னு நான் கேக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு. எனக்குத் தெரிஞ்சாகணும்பா."

அதற்குமேல் எரிச்சல்பட முடியவில்லை. ஊரில் மீன்பிடிக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆமாடா, அப்படி ஒரு முகாம் இருந்துச்சுன்னு பெரியவுக சொல்லுவாக" என்றார். ஓனருக்கு அது போதவில்லை.

"முகாம் இருந்திருக்கும்பா. அதுல எங்கப்பா இருந்தாரா?"

பொங்கல் லீவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு மண்டபம் போனேன். சித்தப்பா தன் வள்ளத்தில் ஏற்றிக் கொஞ்ச தூரம் சுற்றிக் காட்டினார். திரும்பும்போது காற்று ஏறி, அலை பின்னாலிருந்து தள்ளியது. வள்ளத்தின் மூக்கு மணலில் தட்டியதும் ஓனர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் குதிக்கப் போனார்.

சித்தப்பா கத்தினார். "ஐயா, முன்னாடி எறங்காதீக! பக்கவாட்டுல குதிங்க! அலை தள்ளுனா வள்ளம் உங்க மேல ஏறிரும்!"

ஓனர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு பக்கவாட்டில் இறங்கினார். அடுத்த அலைக்கு வள்ளம், அவர் குதிக்கவிருந்த இடத்தின் மேலேயே ஏறிப்போய் மணலில் உட்கார்ந்தது.

"தேவுடா... இதைத்தாம்பா சொன்னாரு. வார்த்தைக்கு வார்த்தை இதேதான்." முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதார்.

கையைப் பிடித்துக் கரைக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார்.

"வள்ளத்தைத் தள்ளுங்க. இன்னொரு வாட்டி எறங்கணும்."