பெயர் போட்டுச் சொன்ன கருத்து

அருப்புக்கோட்டையில் எனக்கு ஓர் அறை இருந்தது, ஒரு ஸ்டவ் இருந்தது, பேச ஆள் இல்லை. வேலை விருதுநகரில், ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். சாயங்கால பஸ்ஸில் பாலவனத்தம் வரைக்கும் கூட வரும் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர்தான் என்னோடு மனம்விட்டுப் பேசுகிற ஒரே மனிதர். முன்னால் ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

கல்லூரியில் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஓர் ஆய்விதழ் நடத்தினோம். ஒரு துறைக்காரர் எழுதினால் அச்சாகுமுன் இன்னொரு துறைக்காரர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சொன்னது யார் என்று வெளியே தெரியாது. கேட்க வேண்டுமா! அவரவர் வயிற்றெரிச்சலையெல்லாம் அதில் கொட்டினார்கள். பழைய இதழாசிரியர் ஓய்வு பெற்றதும் பொருளாதாரத் துறை அம்மையார் பொறுப்புக்கு வந்தார். வீரசோழன் ஊர்க்காரர், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"இருட்டுல நின்னு கல்லெறியிற சோலி இனி வேணாம். கருத்துச் சொல்றவுக பேரும் கட்டுரையோட அச்சாகும்" என்றார் முதல் கூட்டத்திலேயே. எல்லாரையும் முந்திக் கைதட்டியவன் நான்தான்.

அந்த வாரமே நண்பரின் கட்டுரை என் கைக்கு வந்தது. கரிசல் பருத்தியின் வரலாறு. பிறந்ததிலிருந்து தன் ஊர்க் காட்டில் பார்த்த கம்போடியாப் பருத்தியைப் பாண்டியர் காலத்துப் பருத்தி என்று மனுஷன் எழுதிவிட்டார். அது வெள்ளைக்காரன் காலத்தில் வந்த விதை. கட்டுரையே அதன் மேல்தான் நின்றது. பஸ்ஸிலேயே சொல்லிவிடலாமென்று வாயெடுப்பேன். அவரோ அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசிப் பேசிப் பூரித்துக்கொண்டு வருவார். எப்படிச் சொல்ல?

அம்மையாரிடம் போய் நின்றேன். "இது ஒண்ணுக்கு மட்டும் பேர் போடாம எழுதித் தாரேனே, மேடம்."

"பேர் போட மனசில்லன்னா எழுத வேணாம் சார். தப்பு அப்படியே அச்சாகிப் போகட்டும். சம்மதமா?"

சம்மதமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் நண்பர் பஸ் ஸ்டாண்டில் மறித்தார். "ஏன்யா, தினம் பக்கத்துல உக்காந்துதானய்யா வந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா?" அன்று முதல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே ஊர் வந்தேன். அறைக்குள் நுழைந்தால் அம்மையார் மேல் கோபம் கோபமாக வரும். அவர் செய்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாதே என்று அதற்கும் ஓர் எரிச்சல் வரும்.

இதழ் வந்தது. நான் சொன்ன அத்தனையையும் நண்பர் திருத்தியிருந்தார். நாட்டுப் பருத்தி வேறு, கம்போடியா வேறு என்று பிரித்து எழுதியிருந்தார்; அருமையான கட்டுரை. அடியில் என் பெயரைப் போட்டு, 'பிழை காட்டிய நண்பருக்கு நன்றி' என்று அச்சிட்டிருந்தது. நண்பர் என்றே போட்டிருக்கிறாரே! அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். பாலவனத்தம் வந்ததும் எழுந்து என்னை உரசிக்கொண்டு போனார். படியில் நின்று, "வாரேன்ப்பா" என்றார், கண்டக்டரிடம்.