மேசை கிடைக்கும்வரை ராட்டினம்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இரண்டாவது மாடியில் அஸ்மத்துன்னிசாவின் தையல் மெஷின் காலையில் ஓடத் தொடங்கினால் சாயங்காலம்வரை ஓடும். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து மூட்டையாகப் புடவைகள் வரும். அவற்றுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. கணவர் அன்வர் பாஷாவுக்கு பாண்டிபஜார் பக்கம் சின்னதாக ஒரு கடை. பெட்டி, பை, ஜிப் ரிப்பேர். ஒரே மகள் சிம்ரா பி.காம். இரண்டாம் வருஷம்.

கீழ்வீட்டில் அன்புச்செல்வி டீச்சர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். ஜன்னல் வழியே பாடம் மாடிக்கு ஏறி வரும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய அஸ்மத்துன்னிசா, ஊசியில் நூல் கோத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் டீச்சர் கேட்ட கேள்விக்குக் கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் இவர் மேலேயிருந்து, "வேலூர்ல நடந்த கலகம், டீச்சர்!" என்று கத்திவிட்டார். கீழே சிரிப்பு. டீச்சர் ஜன்னலில் தலையை நீட்டி, "பதில் சரி. மேல உட்கார்ந்துகிட்டு சொன்னா மார்க் கிடையாது. கீழ இறங்கி வாங்க" என்றார்.

இறங்கிப் போனார். நாற்பத்து நான்கு வயதில், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்தார். தனித்தேர்வராக எழுதிய முதல் தடவை கணக்கு காலை வாரிவிட்டது. துணைத்தேர்வில் விடாமல் மறுபடி எழுதினார். முடிவு வந்த அன்று சிம்ரா போனைத் தூக்கிக்கொண்டு மூன்று வீட்டுப் படிக்கட்டு ஏறி இறங்கிச் செய்தி சொன்னாள். அன்வர் பாஷா கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடி வந்தார்.

"சொல்லு அஸ்மத். உனக்கு இன்னா வோணும்? பட்டுப்புடவையா?"

"புடவையா! நாள் பூரா அதையேதான் பார்த்துக்கினு கிடக்கறேன்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அந்த ஈ.சி.ஆர். ராட்டினத்துல ஏறணும்," என்றார்.

வருஷந்தோறும் கோவளம் தர்காவுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் அது தெரியும். பாலவாக்கம் தாண்டி, தென்னைகளுக்கு மேலே ஆரஞ்சு நிறத் தண்டவாளம் வளைந்து நெளிந்து வானத்தில் நிற்கும். கடல்ராஜா பார்க். பஸ் அதைக் கடக்கிறவரை அவர் கழுத்து திரும்பியே இருக்கும். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

சிம்ரா உடனே காரியத்தில் இறங்கினாள். டிக்கெட்டோடு, பார்க்குக்குள்ளேயே 'பவள மாளிகை' என்ற உணவகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசையும் பதிவு செய்தாள். சுற்றிலும் கண்ணாடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மீன்கள். படங்களைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாய் மூடவில்லை. "மீனு நம்மள பார்க்கும், நாம மீன சாப்பிடுவோமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே பவள மாளிகை வாசலில் நின்றார்கள். வாசலில் கல்யாண வீடு போல ஒரு கூட்டம். கப்பல் கேப்டன் போல வெள்ளைத் தொப்பி வைத்த ஓர் இளைஞர் கையில் டேப்லெட்டோடு திணறிக்கொண்டிருந்தார். சட்டையில் பிரபாகர் என்று பெயர்.

"எங்களுக்கு புக்கிங் இருக்கு," என்று சிம்ரா போனை நீட்டினாள்.

"இங்க நிக்கிற எல்லாருக்குமே புக்கிங் இருக்கு மேடம்," என்றார் பிரபாகர் பரிதாபமாக. "இருபது நிமிஷம். மேசை ரெடியானா இது அதிரும்." சிப்பி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

இருபது நிமிஷம் போயிற்று. இன்னொரு இருபதும் போயிற்று. சிப்பி செத்தது போலக் கிடந்தது. உள்ளிருந்து நெய்யும் வறுத்த மசாலாவும் கலந்த வாசனை, கதவு திறக்கும்போதெல்லாம் வந்து வயிற்றைக் கிள்ளிவிட்டுப் போயிற்று. சிம்ரா மறுபடி போய்ச் சண்டை போட்டாள். "டைம் போட்டுத்தானே புக்கிங் வாங்கினீங்க? அப்புறம் எதுக்கு அது?"

"ஒரு ஆள் தண்ணிக்குள்ள குதிச்சு மீனுக்குத் தீனி போடுவாரு மேடம். அதைப் பார்க்காம உள்ள ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. சாப்பிட்டு முடிச்சவங்களை நான் எப்படிக் கிளப்பறது?"

சிம்ரா முகம் சிவந்து திரும்பி வந்தாள். அம்மாவின் விருந்து இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அம்மா அவளைக் கவனிக்கவே இல்லை. தலையை அண்ணாந்து ஆரஞ்சுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பெஞ்சின் மறுகோடியில், அடர்பச்சைப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகையோடு ஒரு பெண்ணும் அண்ணாந்துதான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் கைகட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் அவர்களுடைய சிப்பி.

"எவ்ளோ நேரமா உக்காந்துகினு கீறீங்க?" என்று அந்தப் பெண் பேச்சைத் தொடங்கினார். "எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. எம் பேரு தேசம்மா. பாலவாக்கத்துல மீன் விக்கறேன். இன்னிக்கு எங்க கல்யாண நாளு. பையன் கப்பல்ல வேலை, அங்கேர்ந்தே போன்ல புக் பண்ணிட்டான். இவுரு மாசிலாமணி, எங்க ஊட்டுக்காரரு. எங்க உக்காந்தாலும் தூங்கிடுவாரு."

அஸ்மத்துன்னிசா தன் பெயரைச் சொன்னார். பத்தாவது பாஸ் செய்ததையும் சொன்னார்.

"அடி சக்கை!" என்று தேசம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்போ இன்னாத்துக்கு அக்கா இந்த வாசல்ல காவல் காக்குற? அந்த ராட்டினம் எங்க மொட்ட மாடியிலேர்ந்து தெரியும். கத்துற சத்தம்கூட கேக்கும். ஒரு தபா ஏறினதில்ல நானு. அங்க பாரு, கூட்டமே இல்ல."

உண்மைதான். காலையில் அவர்களை ஏறவிடாமல் ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் பாம்பாக வளைந்திருந்த வரிசையை இப்போது காணோம். பார்க்கில் இருந்த ஜனமெல்லாம் சாப்பாட்டு மேசைக்குக் காத்துக்கொண்டிருந்தது. ராட்டினங்கள் பாதிக் காலியாகச் சுற்றின.

அஸ்மத்துன்னிசா கணவரைப் பார்த்தார். லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர் அன்வர் பாஷா. "நான் இல்லமா. நீ போய் வா. சிப்பிய நாங்க பார்த்துக்கறோம்," என்றார் அவசரமாக. போன் கீழே விழுந்துவிடும் என்று கைப்பையையும் அவரிடமே கொடுத்துவிட்டு இரண்டு பெண்களும் கிளம்பினார்கள்.

முதலில் ஊஞ்சல் கப்பல். அது பின்பக்கம் உயர்ந்தபோது அஸ்மத்துன்னிசா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்!" என்று அலறினார். பக்கத்தில் தேசம்மா, "மாதாவே! மாதாவே!" என்று அதைவிடச் சத்தமாக அலறினார். முன்பக்கம் உயர்ந்தபோது இருவரும் வேண்டுதலை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இன்னொரு தபா?" என்றார் தேசம்மா.

"அது," என்று அஸ்மத்துன்னிசா ஆரஞ்சுத் தண்டவாளத்தைக் காட்டினார்.

ரோலர் கோஸ்டரில் முன்வரிசை காலியாக இருந்தது. தோளுக்கு மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. வண்டி கடகடவென்று செங்குத்தாக ஏறியது. மேலே ஏற ஏறக் கிழக்கே கடல் முழுசாக விரிந்தது. தேசம்மா, "அதோ எங்க தெரு! அதோ எங்க மாடி!" என்று கூவினார். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. கீழே சாலையில் ஒரு பஸ் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்து போவதை அஸ்மத்துன்னிசா பார்த்தார். அதில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்களோ என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் வண்டி விழுந்தது.

இறங்கி, நேராக ஓடிப் போய், மறுபடி ஏறினார்கள். பிறகு மூன்றாவது தடவை. வரிசையே இல்லாதபோது யார் தடுப்பது?

அந்த நேரம் பார்த்துச் சிப்பி அதிர்ந்தது.

சிம்ரா துள்ளி எழுந்து ஓடினாள். பிரபாகர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மூணு பேர்னு போட்டிருக்கு. எல்லாரும் வந்தாத்தான் உட்கார வைக்க முடியும் மேடம். அஞ்சு நிமிஷம் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

"அப்பா, ஓடுங்க!"

அன்வர் பாஷா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். ஊஞ்சல் கப்பலில் மனைவி இல்லை. ரோலர் கோஸ்டர் மேடைக்கு ஏறிப் போனபோது, முன்வரிசையில் மனைவியின் கறுப்பு புர்காவும் தேசம்மாவின் பச்சைப் பட்டும் தெரிந்தன. முக்காட்டை ஊசி குத்தி இறுக்கியிருந்தார். முகம் வியர்த்து மின்னியது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"அஸ்மத், மேசை வந்துடுச்சு! இறங்கு!"

"இன்னும் ஒரு சுத்துங்க! நீங்களும் வாங்க!"

"நானா? எனக்குத் தலை சுத்தும்!"

"பாய், சுத்தறதுக்குத்தானே துட்டு குடுத்து உள்ள வந்தோம்?" என்றார் தேசம்மா.

பின்வரிசை காலி. வண்டியை இயக்கும் ஆள், "சார், ஏறுறீங்களா, விடட்டுமா?" என்று அவசரப்படுத்தினார். அன்வர் பாஷா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மனைவியை ஒரு தடவை பார்த்தார். கைப்பையை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

முதல் சரிவில் அவர் போட்ட சத்தம் உணவக வாசல்வரை கேட்டதாகச் சிம்ரா பின்னால் சொன்னாள். குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம்.

மேசை போய்விட்டது. அடுத்த குடும்பம் உள்ளே நுழைவதைச் சிம்ரா கையைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினால், பெஞ்சில் மாசிலாமணியின் மடியிலும் சிப்பி சிவப்பாக எரிந்து குதித்துக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். "அங்கிள்! அங்கிள்!" என்று அவள் தோளைத் தட்டி எழுப்பியபோது அந்த மேசையும் கைமாறிவிட்டது.

அப்போது ராட்டினத்துப் பக்கமிருந்து தள்ளாடிச் சிரித்துக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் அப்பா, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு. கோபமாகச் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சிம்ராவுக்கு மறந்துபோயிற்று. நின்ற இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிரபாகரே வெளியே வந்தார். "ஆறு பேர் உட்காருற வட்ட மேசை ஒண்ணு இப்ப காலியாகுது. நீங்க ரெண்டு குடும்பமும் சேர்ந்து உட்காருவீங்கன்னா உடனே தரேன். தனித்தனியான்னா மறுபடி சிப்பிதான்."

"சேர்த்தே போடு நைனா," என்றார் தேசம்மா. "பசி உயிர் போவுது."

உள்ளே போனதும் அஸ்மத்துன்னிசா நின்றுவிட்டார். நீல வெளிச்சம். தலைக்கு மேலேகூடக் கண்ணாடி. ஒரு பெரிய திருக்கை, காற்றில் துணி பறப்பது போல அவர் தலைக்கு மேல் நழுவிப் போனது. படத்தில் பார்த்ததைவிட நூறு மடங்கு அழகு. இத்தனை நேரம் ஏன் ஒருத்தரும் எழுந்து வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

தேசம்மா கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டார். "இது உயிரோட இப்படியா நீந்தும்? நான் கூடையில பார்த்ததோட சரி. இன்னாய்யா, தூங்காத, பாரு!" மாசிலாமணி முதல் முறையாக முழுசாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். கடலில் வலை போட்டவர் அவர். "மேலேர்ந்து பார்த்தா இதெல்லாம் வெறும் நெழலாத்தான் தெரியும்," என்று மெதுவாகச் சொன்னார்.

அதே சமயம் முதுகில் காற்று உருளை மாட்டிய நீச்சல்காரர் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். மீன்கள் அவரை மொய்த்தன. தேசம்மாவும் அஸ்மத்துன்னிசாவும் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார்கள். நீச்சல்காரர் திரும்பி அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

இறைச்சி ஹலாலா என்று அன்வர் பாஷா விசாரித்தார். பரிமாறுகிறவர் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்ததால், எல்லோரும் மீனும் நெய்ச்சோறும் கேட்டார்கள். அது வரவும் நேரமாயிற்று. யாருக்கும் அது தெரியவே இல்லை. தேசம்மாவின் மகன் கப்பலிலிருந்து வீடியோ காலில் வந்தான். அவனுக்கு எல்லோரையும் காட்டினார்கள். "இவங்க யாரும்மா?" என்றான். "கூட வந்தவங்கடா," என்றார் தேசம்மா.

சாப்பாடு வந்தபோது அன்வர் பாஷா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். வயிறு இன்னும் மேலேயே இருப்பதாகச் சொன்னார். அவருக்கு ஐஸ்க்ரீம் மட்டும் போதுமாம். அவர் பங்கு மீனை அஸ்மத்துன்னிசா தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டார்.

"அம்மி, மெதுவா சாப்பிடுங்க," என்றாள் சிம்ரா.

"மெதுவா எப்படி? ஆறு மணிக்கு மூடிடுவாங்களாம்," என்றார் அவர் வாய் நிறைய. "தண்ணி மேல விழுற ராட்டினம் ஒண்ணு பாக்கி கீது."