கவிழ்ந்து கிடந்த பதினொரு போன்கள்

எங்கள் துறைமுகச் சாப்பாட்டு அறையில் நூறு வருடத்துக்கு மேல் பழைய படம் ஒன்று தொங்குகிறது. சிட்னியில் ஒரு கப்பல்துறையின் வாசல். பெட்டி மேல் நிற்கும் மேற்பார்வையாளரை நோக்கித் தொப்பி போட்ட ஆண்கள் முண்டியடிக்கிறார்கள். அவர் விரல் நீட்டியவருக்கு மட்டும் அன்று வேலை. தொழிற்சங்கம் என்று வாய் திறந்தவர் பக்கம் அந்த விரல் திரும்பாதாம். அதை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தினார்கள், தோற்றார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள் என்று எங்கள் சங்கப் பிரதிநிதி சொல்லியிருக்கிறார்.

கப்பலில் அடுக்கிய சரக்குப் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்குவது என் வேலை. நிரந்தரம் இல்லை. போனில் தகவல் வந்தால்தான் வேலை.

போன செவ்வாய் காலை 9.20க்கு, லிட்கம் பகுதியில் இருந்து என் காரில் கூடவே வரும், நான் தம்பி என்று கூப்பிடும் இளைஞன், காற்று பலமாக இருப்பதால் பெட்டி அடுக்கின் மேலே ஏறமாட்டேன் என்றான். அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை இது. மேற்பார்வையாளர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். இனிக் கூப்பிடமாட்டோம் என்றும் சொன்னார்.

12.40க்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பதினொரு பேரின் போன்களும் ஒன்றாக ஒலித்தன. அன்று மாலை முறை வேலைக்கும் தம்பியின் பெயர் இருந்தது; இப்போது அந்த இடம் காலி. முதலில் பதில் போடுபவருக்கு அது.

நிரந்தரப் பட்டியலில் சேர மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன்; கூப்பிட்டபோதெல்லாம் வருபவர்களுக்குத்தான் அதில் முதலிடம். சம்மதம் என்று அடிக்க விரல் போனது உண்மை. எதிரே இருந்த டொங்கா நாட்டுக்காரர் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் இன்னொன்று கவிழ்ந்தது. நான் ஆறாவது.

12.47க்குத் தம்பி அழைத்தான். தன் இடம் காலி என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள் எடுங்கோ. நான் வேற வேலை பாக்கிறன்."

"நான் எடுக்கேல்லை. ஒருத்தரும் எடுக்கேல்லை."

"எல்லாற்ற போனும் பழுதோ?" என்றான்.

"ஓம். பதினொண்டும்."

அதே தகவல் இன்னும் மூன்று தடவை வந்தது. யாரும் தொடவில்லை. 1.30க்கு மேற்பார்வையாளர் உள்ளே வந்து, போன்கள் கவிழ்ந்து கிடந்த மேசையைப் பார்த்தார். பிரதிநிதி அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். 1.52க்குத் தகவல் தம்பிக்கே போனது: மாலை முறைக்கு வரவும், காற்று தணிந்த பிறகு ஏறினால் போதும்.

மூன்று மணிக்கு வாசலில் அவனைக் கண்டேன். கையுறைகளை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். "வேர்வை நாறுது" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டான்.

என் நாட்குறிப்பில், மாலை முறையும் செய்தேனா என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. அன்று அதில் "இல்லை" என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.