கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்ட நாள்

யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. பட்டு நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். சரிகையை உரசிப் பார்க்காமல் தறிப்பக்கம் விடமாட்டேன். அப்படிப்பட்ட என்னிடம், என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் செய்யும் டெக்னீஷியன் வந்து நின்றார்.

"கழுத்துக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிக்கினு இருக்குதும்மா. கரைக்கிற மருந்த குழாய்க்குள்ள போட்டு, கொஞ்ச நேரம் ஊற வச்சு, திரும்ப உறிஞ்சி எடுத்துடுவோம்."

"உள்ள போட்டத எதுக்குப்பா வெளிய எடுக்கணும்?"

"மருந்து உடம்புக்கு இல்லம்மா, குழாய்க்கு."

நல்லாத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். குப்பியை என் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். காலாவதித் தேதியைப் படித்தேன். உறிஞ்சி எடுப்பதை வேறு யாருக்காவது ஏற்றிவிடுவார்களோ என்று குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளுக்குள் பயம்தான். வலது பக்கக் கழுத்தில் போட்ட குழாய் ஏற்கெனவே கெட்டுப்போய் எடுத்தாயிற்று. இடது பக்கத்துக் குழாயும் திறக்காவிட்டால் தொடையில்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருக்கோ கால் வீங்கி, மூச்சு வாங்கியது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் அன்றைக்கே இறங்கியாக வேண்டும்.

ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடிந்ததும், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்தைக் குழாயில் நிரப்பி மூடுவார்கள். அதை ஒழுங்காகப் போட்டிருந்தால் எப்படி அடைக்கும்? இந்த டெக்னீஷியன்தான் மருந்தில் கைவைத்துவிட்டார் என்று முடிவே கட்டினேன். முகத்துக்கு நேராகக் கேட்டும் விட்டேன்.

டெக்னீஷியன் கோபப்படவில்லை. "அண்ணன்தான் ஈறுல ரத்தம் வந்துக்கினே இருக்குதுன்னு சொன்னாரு. டாக்டர கேட்டுட்டுத்தான் கம்மி பண்ணோம்."

ஈறில் ரத்தமா? தினமும் வாய் கொப்பளிக்க வெந்நீர் கொடுப்பவள் நான். ஒரு சொட்டு பார்த்ததில்லை. திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"குழாய் போட்ட எடத்துல லேசா கசிஞ்சுக்கினு இருந்துச்சு," என்றார் கடைசியில். "அத சொன்னா தறில உக்காராதேன்னுவாங்க. குனியும்போது ரத்தம் பாவு நூல்ல பட்டுட்டா என்னா பண்றது? முகூர்த்தப் பொடவ. முந்தி மட்டுந்தான் பாக்கி."

ரத்தக்கறை பட்ட முகூர்த்தப் புடவையை எந்தப் பெண் வீட்டார் தொடுவார்கள்? நியாயம்தான். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கொஞ்சம் தறியில் உட்காருவார் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக இல்லாத ஈறு ரத்தத்தைச் சொல்லி மருந்தைக் குறைக்க வைப்பார் என்று தெரியாது.

ஊறவைத்த நேரம் முடிந்து டெக்னீஷியன் சிரிஞ்சை இழுத்தார். முதலில் வரவில்லை. மறுபடி இழுத்தபோது கறுப்பாக ஏதோ துணுக்கு வந்தது, அதன் பின்னாலேயே ரத்தம் தடையில்லாமல் வந்தது. மெஷின் ஓடியது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

எல்லாம் முடிந்து குழாயை மூடும் நேரம். டெக்னீஷியன் மருந்தோடு வந்து, "எங்கயாச்சும் ரத்தம் வருதாண்ணா?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார்.

"அவர கேக்காதப்பா," என்றேன். "என்ன கேளு."