கடைசிப் பொயின்ற்ஸுக்கான வயர்

எங்கள் வீட்டில் வயர் என்றால் உடுப்புக் காயப்போடுகிற கொடி. ஆமிக்காரர் விட்டுப்போன கறுப்பு டெலிபோன் வயர் பற்றைகளுக்குள் எவ்வளவோ கிடந்தது. மீளக்குடியேறிய சனம் அதைச் சுருட்டிக்கொண்டுவந்து வேலி கட்டியது, ஆட்டைக் கட்டியது, கூரைத் தகரம் பறக்காமலும் கட்டியது. நான் கிழிந்த மீன்வலை பொத்துகிறவள். தங்கூசி நூலோ கயிறோ, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன். இந்த வயரையும் இழுத்துப் பார்த்தேன். கைதான் வெட்டுப்பட்டது, வயர் அறவில்லை. ஒரு வயருக்கு அதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

அப்படியிருக்கும்போதுதான் அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வந்தார். அங்கே அகதி முகாமில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஊர் எப்படியிருக்கிறது என்று பார்த்துப்போக வந்ததாகச் சொன்னார். எனக்கு அந்த 'பார்த்துப்போக' பிடிக்கவில்லை. எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு அப்பா அவருக்கென்று விட்டது. அவர் வருமுன்பே நானும் என் வீட்டுக்காரரும் அதில் உடைமரம் வெட்டித் துப்புரவாக்கியிருந்தோம். அண்ணன் அதில் வீடு கட்டித் தங்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவர் கொண்டுவந்த பெட்டிகளில் பெரியதில் சேலை இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் கோச்சி. விரல் நீள எஞ்சின், பெட்டிகள், துண்டுதுண்டாகத் தண்டவாளம். முகாமுக்கு வெளியே அவர் வயரிங் வேலை செய்த வீடொன்றில் ஒரு பெரியவர் மாடி முழுக்க விளையாட்டு ரயில் ஓட்டினாராம். அதைப் பழுதுபார்த்துக் கொடுப்பது அண்ணன்தானாம். பெரியவர் செத்தபின் அவருடைய பிள்ளைகள் அதில் ஒரு பங்கை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மனுசன் கடல் தாண்டி வரும்போது தூக்கிக்கொண்டு வருகிற சாமானா இது என்று கேட்டேன். சிரித்தார்.

சண்டையில் அழிந்த கோச்சிப் பாதையைத் தலைமன்னாருக்குத் திரும்பவும் போட ஆட்கள் அளந்துகொண்டு திரிந்த காலம் அது. அவர்களுக்கு முன்னால் அண்ணன் போட்டுவிட்டார். விறாந்தையின் நீளத்துக்குப் பலகை அடித்து, ஒரு தலைப்பில் மன்னார், மறு தலைப்பில் தலைமன்னார். பாதை இரண்டாகப் பிரிகிற இடங்களில் வண்டியைத் திருப்பிவிடுகிற நாக்குகள்தான் பொயின்ற்ஸ். ஒவ்வொன்றின் கீழும் ஒரு செம்புச் சுருள். சுவிட்சைத் தொட்டால் கரண்ட் பாய்ந்து நாக்கை டக்கென்று மறுபக்கம் இழுக்கவேண்டும். சுவிட்சுகள் எல்லாம் மன்னார்ப் பக்கம் இருந்தன. வயருக்கு எங்கே போவது என்று அவர் யோசித்தபோது நான் பெருமையோடு என் ஆமி வயர்ச் சுருளை எடுத்துக் கொடுத்தேன்.

மன்னாரில் நாக்கு டக்கென்று விழுந்தது. நடுவில் இருந்தது கொஞ்சம் சோம்பலாக விழுந்தது. தலைமன்னாரில் அது அரைவாசி வந்து நின்றுவிட்டது. கோச்சி அதில் ஏறிச் சரிந்தது. அண்ணன் என் வயரின் தோலை உரித்துக் காட்டினார். செம்போடு உருக்குக் கம்பியும் கலந்து முறுக்கியிருந்தது. உருக்கு இருப்பதால்தான் அறாதாம், உருக்கு இருப்பதால்தான் கரண்ட் தாராளமாகப் போகாதாம். நான் விடவில்லை. இதே வயரில்தானே மாதா படத்துக்கு முன்னால் பல்ப் எரிகிறது என்றேன்.

"பல்ப் ஆறுதலா, மெள்ள மெள்ளக் குடிக்கும், தங்கச்சி. இது ஒரே மிடறில குடிக்கிற சாமான். தூரம் கூடக்கூட வாய்க்கால் பெருசா இருக்கோணும்."

அடுத்த நாள் டவுணுக்குப் போய் மெல்லிய இரட்டை வயர் வாங்கிவந்தார். ஸ்பீக்கருக்குப் போடுகிற வகை, நூல்போல வளைந்தது. அதை ஆணி அடிக்காமல் பலகைக்கு மேலால் சும்மா ஓடவிட்டார். முகாம் வீட்டுச் சுவரில் இத்தனை வருடமும் ஓர் ஆணி அடித்ததில்லை என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். இந்த வயரை அரை மணித்தியாலத்தில் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கலாம். போகிற ஆள் வாங்குகிற வயர் இது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு விசர் என்றார் அவர்.

மெல்லிய வயரில் கடைசி நாக்கு முக்கால்வாசி வந்தது. வெயில் ஏறினால் முழுதாக வந்தது, இரவுப் பனியில் வரவில்லை. அண்ணன் ஒரு கிழமை அதைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். பிறகு எழும்பிப் போய் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற தடித்த செப்பு வயர் ஒரு சுருளும், கிளிப்பும், ஆணியும் வாங்கிவந்தார். விளையாட்டுக் கோச்சிக்கு அது கொஞ்சம் அதிகம்தான். குறட்டால்தான் வளைக்கலாம், வளைத்தால் வளைத்தபடி நிற்கும். பலகைக்குக் கீழே சாண் ஒன்றுக்கு ஓர் ஆணியாக அடித்தார். மூட்டுகளை எல்லாம் ஈயம் உருக்கி ஒட்டினார். அந்தச் சுத்தியல் சத்தம் எனக்குப் பூசை மணிபோல இருந்தது. மத்தியானம் பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். பின்னேரம் கிராம அலுவலகத்துக்கு, விதானையாரிடம் போய், பக்கத்து வளவுக்கு அண்ணன் குடும்பம் வருகிறது, வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் போடுங்கோ என்றும் சொல்லிவிட்டேன்.

தலைமன்னார் நாக்கு டக்கென்று விழுந்தது. ஐந்தாறு தரம் விழுத்திப் பார்த்தார். பிறகு சுவிட்சை என் கையில் தந்து, நீ போட்டுப் பார் என்றார். போட்டேன். விழுந்தது. அப்போதுதான் விதானையாரிடம் பெயர் கொடுத்ததைச் சொன்னேன்.

அவர் சுத்தியலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மூத்தவளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, சின்னவர்களுக்கு இந்த ஊர் ஒரு பெயர் மட்டும்தான், வரமாட்டோம் என்று சொல்கிறார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப ஏன் இவ்வளவு தடிச்ச வயர் போட்டனீங்கள்?"

"நான் பக்கத்தில இருந்தா மெல்லிசே போதும். அப்பப்ப பார்த்துத் திருத்தலாம். இனி ஆர் திருத்துறது?"

அந்தக் கிழமையே போய்விட்டார். பலகை விறாந்தையில் இருக்கிறது. உண்மையான கோச்சியும் இப்போது ஓடுகிறது. பக்கத்து வளவில் உடைமரம் திரும்ப முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பலகையைத் துடைத்து, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பேன். உப்புக் காற்றில் என் தையல் மெசின் துருப்பிடித்தது, கதவுப் பிணைச்சல் இறுகியது. இது மட்டும் ஒரு நாளும் பழுதாகவில்லை.

அண்ணன் போன் எடுத்தால் கடைசிப் பொயின்ற்ஸ் வேலை செய்கிறதோ என்று தவறாமல் கேட்பார். ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன பெருநாளுக்கு முன்னால் கேட்டபோது மட்டும், இல்லை, பாதியில் நிற்குது, வந்து பார்த்துவிட்டுப் போங்கோ என்றேன்.



"அந்த வயருக்கு அப்பிடி வராது, தங்கச்சி" என்றார்.