ஏழாவது வளைவில் இரண்டாவது பிரேக்

மல்லசமுத்திரம் பக்கத்துப் பந்தயத் தளத்தில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் ஒல்லியான மனிதர். பதினொரு வளைவுகளிலும் பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் கோத்தபடியே இருப்பார். ஏழாவது மிகக் கடினம். அதை எடுத்துவிட்டால் எழுபத்திரண்டு வயதிலும் நான் கிழவனில்லை என்று நினைத்தேன்.

“உங்கள் பக்கமும் பிரேக் இருக்கிறதே?” என்றேன்.

“அது வேல செய்யாதுங்க சாமி. நீங்கதானுங்க புடிக்கோணும்.”

நன்றாகவே எடுத்தேன். ஒன்பதாம் நாள் தனியாக ஓட்டியபோது, ஏழாவதில் கார் அடங்காமல் டயர் அடுக்கில் மோதியது.

ஓடி வந்தவர் சொன்னார்: “இத்தன நாளும் எம் பக்கத்துப் பிரேக்க நாந்தானுங்க மிதிச்சேன். சொன்னா பயந்துக்குவீங்க.”

அதற்குமுன் அந்த வளைவை நாற்பத்து மூன்று முறை கடந்திருந்தேன். அவற்றில் எத்தனை என்னுடையவை என்று கேட்டேன்.

“அத ஆருங்க சாமி எண்ணுனா?” என்றார்.