சொல்தாவின் தொப்பையும் சைகோன் குண்டும்

ஆபரேஷன் தியேட்டர் நர்சாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரை இன்னும் ‘தொக்தேர்’ என்றுதான் கூப்பிடுவோம்.

வந்தவர் பெயர் லூர்துசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பை தொடைவரை தொங்கியது. மடிப்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிவிட்டதால், தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுத்துத் தைப்பதென்று முடிவானது. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய தழும்பு வேறு. அது எப்படி வந்தது என்று கேட்டு எழுதிவரச் சொன்னார் தொக்தேர். முன்பே வயிறு கிழிந்து தைத்திருந்தால் குடல் தழும்போடு ஒட்டியிருக்கலாம். அதில் கத்தி பட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

நான் பெரிய அதிகாரி மாதிரி வார்டு நடுவில் நின்று சத்தமாகக் கேட்டேன். மொத்த வார்டும் கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டது. சைகோனில் குண்டு பாய்ந்தது என்றார். எக்ஸ்ரேயில் குண்டைக் காணோமே என்றேன். வெளியே போய்விட்டதாம். எந்த வழியாக என்றதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாய் வழியாகத் துப்பிவிட்டதாகச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். பிறகு, இல்லையில்லை, தோலை மட்டும் உரசிப் போனது என்று சொல்தாவே திருத்தினார். அவர் மனைவி மதலேனும் ஆமாம் என்று தலையாட்டினாள். மண்டு நான், அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் தியேட்டரில் முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். ஆள் விழித்துத்தான் இருந்தார். வெறும் தோல் காயம், பயமில்லாமல் ஆழமாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே தொக்தேர் கத்தியை வாங்கினார். சொல்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

“தொக்தேர், குண்டு இல்ல. மாடு.”

மூலக்குளத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனபோது மாடு முட்டி, குடல் வெளியே வந்து, உள்ளே தள்ளித் தைத்தார்களாம். அந்தச் சம்பந்தமும் முறிந்ததாம்.

“வெளிய நிக்கிறவகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு நான் சொல்தா.”

தொக்தேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். தழும்புப் பக்கம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டு விரலால் மெல்ல மெல்லப் பிரித்தார். தோலுக்கு அடியிலேயே குடல் இருந்தது.

வெளியே மதலேன் ஜெபமாலையோடு நின்றாள். பிழைத்துக்கொண்டார் என்றதும் அழுதுவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாட்ட சொல்லிட்டாரா? அது மூலக்குளத்துல எங்க தெரு மாடுதான், எனக்கு அப்பவே தெரியும்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்திருந்துமா தலையாட்டினீர்கள் என்று கத்தினேன்.

“அத்தினி பேர் நின்னுக்குனு இருக்கறப்ப கேட்டா எப்டி நர்சம்மா சொல்றது? அவரு மானம் என்னாவுறது? தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”



அன்றிலிருந்து தழும்பைப் பற்றிக் கேட்பதென்றால் முதலில் திரையை இழுத்துவிடுவேன். நோயாளியைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாகக் கேட்பேன். சத்தமாகக் கேட்டால் வார்டுக்குத்தான் பதில் கிடைக்கும், கேஸ் ஷீட்டுக்குக் கிடைக்காது.